மூணாவது அண்டா

உக்காருங்க அண்ணாச்சி. தேதிய அப்புறம் பாப்போம், மொதல்ல காப்பி வரட்டும்.

அந்தப் படத்தத்தானே பாக்கீங்க? இந்த வீட்டுக்குள்ள வார எல்லாரும் அதத்தான் பாப்பாங்க. பிள்ளையாருக்கு இந்தப் பக்கம் எங்க அப்பா, அந்தப் பக்கம் வெள்ளக்காரன் வீட்டுக் கல்யாணம். ஆவுடையப்பன் மதம் மாறிட்டான்னு ஒரு வருஷமா ஊருல பேச்சு. அதெல்லாம் ஒண்ணும் இல்ல. ஏசுநாதரும் அதுல இருக்காரு, நடுவுல உக்காந்திருக்காரு. ஆனா குங்குமம் யாருக்கு வச்சிருக்குன்னு கிட்டப் போயிப் பாருங்க. வலது ஓரம். குனிஞ்சு சாடியில தண்ணி ஊத்துதாம்லா ஒருத்தன், அவனுக்கு. அவன் நம்ம ஆளு. ஊரு உறவுல இல்ல, தொழில்ல நம்ம ஆளு.

அந்தக் கதையச் சொல்லாம உங்க மக கல்யாணத் தேதியப் பத்திப் பேச முடியாது அண்ணாச்சி. ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கு. உங்ககிட்ட யாராவது சொல்லியிருப்பாங்க, ஆவுடையப்பன் சமையல் நல்ல சமையல், பாயாசத்துல மட்டும் கவனமா இருன்னு. சொன்னாங்களா இல்லையா? சிரிக்காதீங்க, எனக்குத் தெரியும்.

பன்னெண்டு வருஷம் ஆச்சு. எங்க அக்கா மக கோமதிக்குக் கல்யாணம். நான் தாய்மாமன், சமையலும் நான்தான். பட்டு வேட்டியோட மேடையிலயும் நிக்கணும், அதையே மடிச்சுக் கட்டிக்கிட்டு அடுப்புகிட்டயும் நிக்கணும். போதாததுக்கு அன்னைக்கு நல்ல முகூர்த்த நாளு, ஜங்ஷன் பக்கம் இன்னொரு மண்டபமும் நான் ஒத்துக்கிட்டிருந்தேன். ரெண்டுக்கும் நடுவுல ஆட்டோவுல அலைஞ்சே எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு. அது கெடக்கட்டும், அது இங்க விஷயம் இல்ல.

விஷயம் என்னன்னா எங்க அத்தான். அக்கா வீட்டுக்காரர், பூதலிங்கம் பிள்ளைன்னு பேரு, சர்வே ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவுக. எழுநூறு இலைன்னு சொன்னாவ. நானும் எழுநூறுக்குத்தான் வச்சேன். வந்தது தொள்ளாயிரம். அப்படித்தான் நான் எல்லார்கிட்டயும் சொன்னேன்.

சம்பந்தி பெரிய மனுஷன். முதப் பந்தியில உக்காருங்கன்னா, ஊர்க்காரங்க பசியாறட்டும், நாங்க கடைசியில உக்காருதோம்னுட்டாரு. இந்த மாதிரி நல்ல மனசுள்ளவங்களாலதான் அண்ணாச்சி சமையல்காரனுக்கு ஆபத்து. கடைசிப் பந்தியில அவங்க ஆளுங்க அறுபது பேரு அப்பளத்தக் கையில வச்சுக்கிட்டுக் காத்திருக்காங்க. இங்க பாயாச அண்டாவுல கரண்டி அடியில தட்டுது. அந்தச் சத்தம் இருக்கே, அது சமையல்காரன் காதுக்கு மட்டும்தான் கேக்கும். என்ன செய்ய? கொஞ்சம் பாலு இருந்துது, கொஞ்சம் கருப்பட்டி இருந்துது. வெந்நி ஊத்தினேன். லேசாத்தான். ரெண்டு குடம்.

சம்பந்திக்கு ஒரு தம்பி, வக்கீலு. அவர் இலையில விட்ட பாயாசம் நிக்காம ஓடி அவர் வேட்டியில இறங்கிட்டு. அவர் நிமிர்ந்து பாத்து, "இது குடிக்கதுக்கா, இலை கழுவதுக்கா?"ன்னு கேட்டாரு. பந்தியே சிரிச்சுது. அத்தான் விறுவிறுன்னு வந்து அவர் முன்னால நின்னு, ரெண்டு கையும் கூப்பிக் கும்பிட்டாவ. எங்க அத்தான் கலெக்டருக்கே ஒரு கையாலதான் வணக்கம் வைப்பாவ. நான் தூணுக்குப் பின்னால நின்னு பாத்துக்கிட்டிருந்தேன்.

அன்னையில இருந்து அத்தான் என்கூடப் பேச்சு இல்ல. என் கையால பச்சத் தண்ணி இல்ல. அத்தான் வெளிய போன நேரம் பாத்து அக்கா போன் போடுவா, கேட் சத்தம் கேட்டதும் வச்சிருவா. என் மேல என்ன தப்பு இருக்கு, நீங்களே சொல்லுங்க. அவுக எழுநூறுன்னாவ, வந்தது தொள்ளாயிரம். கேட்டவங்க கேக்காதவங்க எல்லார்கிட்டயும் நான் இதத்தான் சொன்னேன். பஸ் ஸ்டாண்டுல தெரியாத ஆளுகிட்டகூடச் சொல்லியிருக்கேன். அப்படியும் அத்தான் கோவம் தணியல. ஏன்னே எனக்கு வெளங்கல.

இப்படிப் பதினோரு வருஷம் ஓடிச்சு. போன சித்திரையில கோமதி பெங்களூருல இருந்து கூப்பிட்டா. மாமா, எனக்குத் தெரிஞ்ச ஒரு டூர் கம்பெனியில சமையல்காரர் கேக்காங்க, ஐரோப்பா பன்னெண்டு நாளு, நாப்பது பேரு, சுத்த சைவம், போறீங்களான்னா. நான் பாஸ்போர்ட்ட முந்தியே எடுத்து வச்சிருந்தேன், மலேசியாவுல ஒரு கும்பாபிஷேகத்துக்கு. சரின்னுட்டேன். சென்னை ஏர்போர்ட்ல போயிப் பாத்தா, அக்காவும் அத்தானும் பெட்டியோட நிக்காவ. அத்தானோட எழுபதாவது பிறந்தநாளுக்குக் கோமதி வாங்கிக் கொடுத்த டூராம். இப்படியும் ஒரு தற்செயல் நடக்குமான்னு நான் அசந்துபோயிட்டேன். உடனே கோமதிக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவளும் அசந்துபோயிட்டா.

அத்தான் என் முகத்தப் பாத்தாவ. அப்புறம் என் சட்டையப் பாத்தாவ. சட்டையில 'தலைமைச் சமையல்'னு கம்பெனியில தச்சுக் கொடுத்திருந்தாங்க. அக்காகிட்டத் திரும்பி ஒரே ஒரு வார்த்தை சொன்னாவ. என்னன்னு பொறவு அக்காகிட்டக் கேட்டேன். 'பட்டினி'ன்னு சொன்னாவளாம்.

சொன்னபடியே செஞ்சாவ அண்ணாச்சி. அவங்க போன பஸ்ஸுக்குப் பின்னாலயே ஒரு வேன் வரும், அதுல அடுப்பு, அரிசி மூட, மசாலாப் பொடி, நானு. ஊர்ப் பேரெல்லாம் என்கிட்டக் கேக்காதீங்க, எனக்குக் குழம்ப வச்சுத்தான் ஞாபகம். பாரிசு மட்டும் தெரியும், அங்க புளியோதரை. அடுத்தது வெண்பொங்கல் ஊரு. அதுக்கு அடுத்தது மலை மேல ஐஸு, அங்க ரசம் வச்சேன், இறக்கி வைக்கதுக்குள்ள ஆறிப்போச்சு. எல்லா ஊர்லயும் முப்பத்தொம்பது பேரு தட்டோட வரிசையில நிப்பாங்க. நாப்பதாவது ஆளு தூரத்துல ஒரு பெஞ்சில உக்காந்து ரொட்டியப் பிச்சுத் திம்பாவ. ரொட்டி, வாழைப்பழம், அக்கா வீட்டுல இருந்து கொண்டுபோன கைமுறுக்கு. நாலாம் நாளு முறுக்கும் தீந்துபோச்சு. அக்காதான் பாவம், அத்தான் பங்கையும் சேத்துத் திண்ணு மூணு கிலோ கூடிட்டா.

எனக்கு மனசு கேக்கல. வெண்பொங்கல் ஊர்ல நெய்யில மிளகு தாளிச்சு, காத்து எந்தப் பக்கம் அடிக்குன்னு பாத்து வேன் கதவத் தொறந்து வச்சேன். அத்தான் பெஞ்சில இருந்து எந்திரிச்சாவ. வேனுக்குப் பக்கத்துல வந்தாவ. நின்னு ஒரு தடவ மூச்ச நல்லா இழுத்தாவ. திரும்பிப் போயி ரொட்டியக் கையில எடுத்துக்கிட்டாவ. அந்தப் பன்னெண்டு நாளுக்குள்ள அத்தானைச் சாப்பிட வைக்காம ஊர் திரும்பினா, இனி இந்த ஜென்மத்துல இல்லன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. எழுபது வயசு ஆச்சு அவுகளுக்கு, எனக்கு அறுபத்தி ரெண்டு. பதினோரு வருஷம் போன மாதிரி இன்னொரு பதினோரு வருஷம் போனா யாரு இருப்பா யாரு போவான்னு சொல்ல முடியுமா?

அந்த ஊர்கள்ல சும்மா தெரியாத்தனமா ஒரு தெருவுல திரும்பினாலும் ஒரு ஓவியக் காட்சிசாலை இருக்கும். எங்க டூர் மேனேஜர் ரெமிஜியுஸ்னு தூத்துக்குடிக்காரர், நாப்பத்தஞ்சு வயசு இருக்கும், நல்ல மனுஷன். ஒரு மாமிக்கு முட்டு வலி, அவங்க டிக்கெட்டு எல்லா ஊர்லயும் வீணாப் போகுது, நீங்க உள்ள வாங்க அண்ணாச்சின்னாரு. போனேன். ஒரு கூடம் பூரா பழமும் மீனும் ரொட்டியும் வரைஞ்சு மாட்டியிருக்கான். எல்லாரும் கையக் கட்டிக்கிட்டு கோயில்ல நிக்க மாதிரி நிக்காங்க. ஒரு படத்துல எலுமிச்சம்பழத்தப் பாதி உரிச்சுத் தோலத் தொங்கவிட்டிருக்கு. எலுமிச்சைய எவனாவது உரிப்பானா? அதையும் பாதியில ஏன் விட்டான்? வேலக்காரன் சம்பளத் தகராறுல எந்திரிச்சுப் போயிருப்பான்னு நான் பக்கத்துல நின்ன அம்மாகிட்டச் சொன்னேன். அந்த அம்மா சிரிச்சாங்க. அடுத்த படத்துல ஒரு ராசா, மஞ்ச பாஞ்ச முகம், உப்பின வயிறு. இவருக்கு ராத்திரிக்குப் பருப்பு கொடுத்திருக்கக் கூடாதுன்னேன். அவ்வளவுதான், எட்டுப் பத்து பொம்பளைங்க ரெமி சாரை விட்டுட்டு என் பின்னால வர ஆரம்பிச்சிட்டாங்க. அவர் வருஷம் சொல்லுவாரு, பேரு சொல்லுவாரு. நான் என்ன தின்னான்னு சொல்லுவேன்.

கை இல்லாத ஒரு சிலைக்கு முன்னால பெருங்கூட்டம். பரிமாறவே முடியாதேன்னு வருத்தமா இருந்துச்சு.

அத்தானும் வருவாவ. கூட்டத்தோட இல்ல. ஒரு தூண் தள்ளி, நான் பேசுதது கேக்குத தூரத்துல. நான் அடுத்த ரூமுக்குப் போனா அவுகளும் போவாவ. நான் திரும்பிப் பாத்தா உடனே சுவத்துல இருக்க தீயணைப்புக் கருவியப் பாப்பாவ. ஒரு ஊர்ல அந்தக் கருவிய அஞ்சு நிமிஷம் பாத்தாவ. அங்க நிக்க காவலாளிக்கே சந்தேகம் வந்துட்டு.

ஒம்பதாம் நாளு இத்தாலி. ஊர்ப் பேரு நாக்குல இருக்கு, வர மாட்டேங்கு. சொதி ஊரு. அன்னைக்குக் காலையில டின் தேங்காப்பால் நல்லதாக் கிடைச்சுது. சரி, இதுதான் கடைசி அஸ்திரம்னு சொதிக்கு எல்லாம் எடுத்து வச்சேன். இஞ்சித் துவையல், உருளைக்கிழங்குப் பொரியல். நம்ம பக்கத்துல கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டுக்குச் சொதிச் சாப்பாடு போடுவோம்லா. கோமதி கல்யாணத்துக்கு மறுநாள் அந்தச் சாப்பாடே நடக்கல, அத்தான் வேண்டாம்னுட்டாவ. அப்ப போட வேண்டிய சொதி பாக்கி கெடக்குன்னு எனக்கு ஒரு நெனப்பு. அதுகூட சிறுபருப்புப் பாயாசமும் வச்சேன். பயந்துக்கிட்டேதான் வச்சேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால ஒரு காட்சிசாலை, ஒரு பெரிய தேவாலயம். மொதல்ல காட்சிசாலை. கடைசிக் கூடத்துக்குள்ள போனா சுவர் பூராவும் ஒரே படம். நம்ம கல்யாண மண்டபத்துப் பின்சுவரு இருக்கும்லா, அந்த அகலம். நீங்க இங்க பாக்கது அதச் சுருக்கினது. நீளமா ஒரு மேசை போட்டு, ஒரே வரிசையா உக்காந்திருக்காங்க. சென்னையில இருந்து வந்த ஒரு அம்மா, இது என்ன கூத்து, மேசைக்கு ஒரு பக்கமே உக்காந்திருக்காங்க, படம் பிடிக்கதுக்கான்னு சிரிச்சாங்க. எனக்குச் சுருக்குன்னுட்டு. அம்மா, இது பந்தி, எதிர்ப் பக்கம் பரிமாறுதவன் நடக்கணும்லா, அந்தக் காலத்துலயே எவ்வளவு ஒழுங்காப் போட்டிருக்கான் பாருங்கன்னு சொன்னேன். எனக்கு அந்த ஓவியக்காரன் மேல மரியாதை வந்துட்டு. அவன் பந்தியில நின்னு பரிமாறினவன், சந்தேகமே இல்ல.

அப்பத்தான் ரெமி சார் விவரம் சொன்னாரு. இது ஒரு கல்யாண வீடு. ஏசுநாதரும் அவங்க அம்மாவும் விருந்துக்கு வந்திருக்காங்க. நடு விருந்துல திராட்சரசம் தீந்துபோச்சு. இனி வந்தவங்களுக்கு ஊத்த ஒண்ணும் இல்ல.

பத்தாம போச்சான்னு கேட்டேன். ஆமா, பத்தாம போச்சுன்னாரு. சமையல்காரன் யாருன்னு கேட்டேன். அது எழுதலன்னாரு. எத்தனை பேருக்குச் சொன்னாங்க, எத்தனை பேரு வந்தாங்கன்னு கேட்டேன். அதுவும் எழுதலன்னாரு. எப்படி எழுதுவான்? பொண்ணு வீட்டுக்காரன் ஒரு கணக்குச் சொல்லியிருப்பான், வந்தது வேறயா இருந்திருக்கும்னு நான் வழக்கம்போல ஆரம்பிச்சேன். ஒரு தூண் தள்ளி அத்தான் செருமினாவ. நான் நிறுத்திட்டேன்.

ரெமி சார் மேல சொன்னாரு. அந்த அம்மாதான் மொதல்ல கவனிச்சாங்களாம். மகன்கிட்டப் போயி இவங்ககிட்ட ரசம் இல்லன்னு சொன்னாங்களாம். மகன் வேலைக்காரங்களக் கூப்பிட்டு, அங்க இருந்த ஆறு கல்சாடியிலயும் தண்ணி ஊத்தச் சொன்னாராம். ஊத்தினாங்க. மோந்து பாத்தா திராட்சரசம். முந்தி ஊத்தினதவிட ருசியாம்.

"நானும் தண்ணிதானே ஊத்தினேன்."

நான் சொல்லணும்னு சொல்லல. வாயில இருந்து வந்துட்டு. அந்தக் கூடம் உயரம், சொன்னது மேல போயி சுத்திக்கிட்டுத் திரும்ப வந்துது. முப்பத்தெட்டுப் பேரும் என்னையப் பாத்தாங்க. நான் படத்தப் பாத்தேன். அப்பத்தான் அவனக் கண்டேன். வலது ஓரத்துல இருந்தாம்லா, சாடியில தண்ணி ஊத்துதவன். அவன் கண்ணு சாடியில இல்ல. பந்தியில உக்காந்திருக்கவங்களையும் பாக்கல. கல்யாண வீட்டுக்காரரப் பாக்கான். அவரு ஓரமா நின்னு ரெண்டு கையும் சேத்துப் பிடிச்சுக்கிட்டிருக்காரு, யாருகிட்டயோ எதையோ கேக்க மாதிரி. இவன் அதப் பாத்துக்கிட்டே ஊத்துதான். அந்த முகம் எனக்குத் தெரியும் அண்ணாச்சி. தூணுக்குப் பின்னால நின்ன முகம்.

எனக்குக் கண்ணு கலங்கிட்டு. அவன் முகத்தச் சரியாப் பாக்கணும்னு முன்னால கட்டியிருந்த கயித்துக்கு மேல சாஞ்சு கைய நீட்டினேன். எங்கயோ மணி அடிச்சுது. அடிச்சா அடிக்கட்டும்னு நான் திரும்பி, தூணப் பாத்துச் சொன்னேன்.

"அத்தான், அன்னைக்கு மூணு அண்டா பாயாசம் இருந்துச்சு. மூணாவது அண்டாவ நான்தான் ஜங்ஷன் மண்டபத்துக்கு ஏத்தி அனுப்பினேன். அங்க பத்தல. இங்க நம்ம வீடுதானே, சமாளிச்சுக்கிடலாம்னு நெனச்சேன்."

மணி அடிச்சுக்கிட்டே இருக்கு. ரெண்டு காவலாளிங்க ஓடி வந்து என் ரெண்டு கையையும் பிடிச்சிட்டாங்க. ஒருத்தன் இத்தாலியில கத்துதான், நான் தமிழ்ல அழுதேன். படத்தக் கிழிக்க வந்தவன்னு நெனச்சிருப்பான். ரெமி சார் குறுக்க விழுந்து என்னென்னமோ சொல்லுதாரு, அவன் கேக்கல. அப்ப தூணுக்குப் பின்னால இருந்து அத்தான் நடந்து வந்தாவ. அவசரமே இல்ல, நிலம் அளக்கப் போன மாதிரி ஒரே அளவு எட்டு வச்சு வந்தாவ. காவலாளிய நேருக்கு நேராப் பாத்துச் சொன்னாவ.

"கைய எடுங்க. அவன் எங்க வீட்டு ஆளு."

சுத்தமான திருநெல்வேலித் தமிழ். அவன் கைய எடுத்துட்டான். சர்வே ஆபீஸ்ல முப்பத்தெட்டு வருஷம் வரப்புத் தகராறு தீத்த குரல், எந்த நாட்டுக்காரனுக்கும் புரியும்போல.

அவ்வளவுதான் பேசினாவ. எல்லாரும் அப்படியே தேவாலயத்துக்கு நடந்தோம்.

தேவாலயம்னா என்ன தேவாலயம். மேல பாத்தா கழுத்து சுளுக்கிக்கிடும். கட்டி முடிக்கவே சில நூறு வருஷம் ஆச்சுன்னு ரெமி சார் சொன்னாரு. என் சமையக்கட்டுக்கு ஓடு மாத்தித் தாரேன்னு போன கொத்தனார நெனச்சுக்கிட்டேன், அவனத் திட்டினது தப்பு. கண்ணாடி வழியா செகப்பும் நீலமுமா வெயிலு உள்ள விழுது. தூணுக்குத் தூண் எத்தனை அடின்னு மனசுலயே போட்டுப் பாத்தேன். ஒரு பந்திக்கு ரெண்டாயிரம் இலை தாராளமாப் போடலாம், நடுவுல வாளிக்காரன் ஓட வழியும் இருக்கும். ஆனா யாரும் அங்க ஒரு வாய் சாப்பிட்டதா எனக்குத் தோணல. பெரிய இடத்துல எல்லாம் அப்படித்தான்.

ஓரத்துல மெழுகுவத்தி ஏத்துத இடம் இருந்துது. ஒண்ணு வாங்கி ஏத்தினேன். யாருக்குன்னு ரெமி சார் கேட்டாரு. அந்தக் கல்யாணத்துச் சமையல்காரனுக்குன்னேன். அவர் சிரிக்கல.

அத்தான் ஒரு பெஞ்சில தனியா உக்காந்திருந்தாவ. நான் அதுக்குப் பின் பெஞ்சில உக்காந்தேன். அவ்வளவு பெரிய கட்டடம், ஐந்நூறு பேரு உள்ள இருப்பாங்க, ஒரு இருமல் சத்தம் இல்ல. அப்பத்தான் அத்தான் வயிறு கத்திச்சு. ஒம்பது நாள் ரொட்டி தின்ன வயிறுலா. சும்மா முனகல, நீளமா, அடிக்கட்டையில ஆரம்பிச்சு மேல ஏறி, அந்தக் கூரை வரைக்கும் போயி, அங்க இருந்து நாலு பக்கமும் பிரிஞ்சு இறங்கிச்சு. முன் வரிசையில முக்காடு போட்ட ஒரு கிழவி நெஞ்சுல சிலுவை போட்டுக்கிட்டா. ஒரு வெள்ளக்காரர் ஆர்கன் எங்க இருக்குன்னு தேடினாரு.

அத்தான் திரும்பல. முன்னால பாத்தபடியே பேசினாவ.

"அன்னைக்கு விழுந்த இலை அறுநூத்தித் தொண்ணூத்தி நாலு. எல்லாரும் போனப்பொறவு மண்டபத்துக்குப் பின்னால நின்னு எச்சில் இலைய நானே எண்ணினேன்."

அத்தான் மேல சொன்னாவ.

"மூணாவது அண்டா எங்க போச்சுன்னும் தெரியும். என்கூட வேலை பாத்தவன் ஒருத்தன் அந்த மண்டபத்துல சாப்பிட்டான். உன் மச்சினன் பாயாசம் அமிர்தம்னு எனக்குப் போன் போட்டுச் சொன்னான்."

அதக் கேட்டு எனக்கு ஒரு நொடி சந்தோசமா இருந்துச்சு அண்ணாச்சி, மறைக்க விரும்பல.

"பாயாசம் பத்தலன்னு நான் கோவிச்சேன்னா நெனச்ச? கும்பிட்டதும் போகட்டும், பொண்ணப் பெத்தவன் கும்பிடத்தான் செய்வான். எனக்கு எண்ணத் தெரியாதுன்னு ஊர் பூராச் சொன்னியேலே. ஊரையே அளந்தவம்லே நான்."

குரல் உடஞ்சிட்டு அத்தானுக்கு. பதினோரு வருஷமா எதுக்குக் கோவம்னு எனக்கு அந்த இடத்துலதான் தெரிஞ்சுது. நான் எந்திரிச்சு முன் பெஞ்சுக்குப் போயி அவுக பக்கத்துல உக்காந்தேன். தப்பு என்னோடதுதான் அத்தான், ஊருக்குப் போயி சொன்ன எல்லார்கிட்டயும் மாத்திச் சொல்லிருதேன்னேன். பஸ் ஸ்டாண்டுல சொன்ன ஆள எங்க போயித் தேடுததுன்னு மட்டும் உள்ளுக்குள்ள ஒரு கவலை. இப்ப சொல்லுதேன், தப்பு என்னோடதுதான். ஆனா இலைய அத்தான் ஒரே தடவதான் எண்ணியிருக்காவ. ரெண்டு தடவ எண்ணுதது வழக்கம். அது கெடக்கட்டும்.

வயிறு திரும்பவும் கத்திச்சு. கிழவி திரும்பவும் சிலுவை போட்டுக்கிட்டா.

"இன்னைக்கு என்ன வச்சிருக்க?"ன்னு கேட்டாவ.

சொதின்னேன். அத்தான் எந்திரிச்சிட்டாவ. அந்தத் தேவாலயத்துல பாக்க இன்னும் என்னென்னமோ இருந்துதாம், ரெமி சார் இன்னைக்கும் சொல்லி வருத்தப்படுவாரு.

வேன் நிறுத்தியிருந்த இடத்துல எல்லாரும் சாப்பிட்டு முடிக்கட்டும்னு அத்தான் காத்திருந்தாவ. சம்பந்தி உக்காந்த மாதிரி கடைசியா உக்காந்தாவ. சொதிய மூணு தடவ வாங்கினாவ. இஞ்சித் துவையல வழிச்சுத் தின்னாவ. அக்கா ஓரமா நின்னு அழுதுக்கிட்டே போன்ல கோமதிகிட்டப் பேசினா. என்ன பேசினாளோ, "நீ சொன்ன மாதிரியே நடந்துட்டுட்டி"ன்னு மட்டும் காதுல விழுந்துது. ஜோசியம் பாத்திருப்பா.

கடைசியில பாயாசம். நான் கரண்டிய உள்ள விட்டேன். அடியில தட்டல. நிறைய இருந்துது. அத்தான் தட்டத் தள்ளிட்டு எந்திரிச்சு வந்து பாத்திரத்துக்குள்ள எட்டிப் பாத்தாவ.

"தண்ணி ஊத்தலயே?"ன்னாவ.

இல்ல அத்தான்னேன். ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துட்டு. அப்படி ஒரு சிரிப்பு, அந்த ஊர்ப் புறாவெல்லாம் எந்திரிச்சுப் பறந்துது. மூணு தம்ளர் குடிச்சாவ. அன்னைக்குச் சாயங்காலம் பஸ்ஸுல ஏறும்போது என் கையில ஒரு உறைய வச்சிட்டுப் போயிட்டாவ. பிரிச்சுப் பாத்தா இந்தப் படம், தபால் அட்டை அளவுல. கூடத்துல இருந்து வெளிய வரும்போது வாசல் கடையில அவுக எப்ப வாங்கினாவன்னே தெரியல. ஊருக்கு வந்து ஸ்டூடியோவுல கொடுத்துப் பெருசு பண்ணினேன். குங்குமம் அக்கா வச்சது.

காப்பி ஆறிட்டே அண்ணாச்சி, குடிங்க. இப்ப உங்க விஷயத்துக்கு வாரேன்.

தை பதினாலுன்னு சொன்னீங்க. அன்னைக்கு எனக்கு ஏற்கனவே ஒரு கல்யாணம் இருக்கு, பாளையங்கோட்டையில. எந்திரிக்காதீங்க, உக்காருங்க. உங்க முகூர்த்தம் எத்தனை மணிக்கு? ஆறு டு ஏழரை. அவங்களுக்குப் பத்தரைக்கு மேல. நடுவுல முழுசா மூணு மணி நேரம் இருக்கு. ரெண்டு மண்டபத்துக்கும் பத்து நிமிஷம்தான், இப்ப பாலம் வேற போட்டுட்டான். சாம்பார ஒரே இடத்துல வச்சு, பாயாசத்த மட்டும்...

இல்ல. நான் இதெல்லாம் பேசப்படாது. என்கிட்டக் கேக்கதுல பிரயோஜனமும் இல்ல. தேதி நோட்டு இப்ப என்கிட்ட இல்ல, அத்தான்கிட்ட இருக்கு. ஏர்போர்ட்ல இறங்கினதும் நானே கொடுத்துட்டேன். ஒரு நாளுக்கு ஒரு மண்டபம், ஸ்கேல் வச்சுக் கோடு போட்டு வச்சிருக்காவ. போன வாரம் ஒரு நல்ல இடம் கைவிட்டுப் போச்சு, எனக்கும் கோவம்தான் வந்துது. என்ன செய்ய, சாயங்காலம் இங்கதான் சாப்பிட வருதாவ, தினமும்.

நீங்க போயிக் கேட்டுப் பாருங்க. அடுத்த தெரு, பச்சக் கேட்டு. வேற தேதி ஏதும் தோதுப்பட்டா அவுகளே சொல்லுவாவ. மூணு மணி நேரம்னு நான் சொன்னதச் சொல்லிராதீங்க. எத்தனை இலைன்னு கேப்பாவ. அறுநூறுன்னு சொல்லுங்க, எண்ணூறுன்னு சொல்லுங்க, ஆயிரம்னாலும் சொல்லுங்க. எழுநூறுன்னு மட்டும் சொல்லிராதீங்க அண்ணாச்சி.